பின் சீட்டில் இருந்த காது

விடியமுன் சுபஹுத் தொழுது பாயைச் சுருட்டி வைத்த கையோடு லைலா கறுப்பு அபாயாவை எடுத்துப் போட்டுக்கொள்வாள். பிறகு கண்ணாடிக்கு முன்னால் நின்று, இரண்டு சின்னக் குமிழ்களைக் காதுகளுக்குள் வைத்து, அதன் மேல் முக்காட்டை இறுக்கிக் குத்துவாள். குமிழ்களிலிருந்து இறங்கும் மெல்லிய வயர் அபாயாவுக்குள்ளேயே முதுகு வழியாகப் போகும். காரின் பின் சீட்டில் உட்கார்ந்த பிறகு, முன் சீட்டின் அடியில் ஒளித்து வைத்திருக்கும் சின்னப் பெட்டியில் அந்த வயரின் நுனியைச் செருகினால் போதும். எஞ்சினின் வயிற்றுக்குள் நடப்பதெல்லாம் அவளுக்குக் கேட்கும்.

அவளுக்கு நேர் முன்னால், இடது பக்கச் சீட்டில் அவளுடைய புருசன் றவூப் இருப்பான். மடியில் லப்டொப். தலையில் இரண்டு காதையும் மூடிய பெரிய ஹெட்போன். பார்க்கிறவனுக்கு, எஞ்சினின் நாடி பிடிக்கிற வைத்தியன் மாதிரித் தெரியும். ஆனால் அந்தப் பெரிய ஹெட்போனுக்குள் ஒரு சத்தமும் வராது. அது வெறும் வேசம். வந்தாலும் அவனுக்குக் கேட்காது.

இந்த இரகசியம் உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

"ராத்தாவும் வாறாவா?" என்று கேட்பான் அஸ்பாக், ஸ்டேரிங்கைப் பிடித்தபடி. அக்கரைப்பற்றில் வாப்பாவின் நெல்லுக் கடையில் நிற்கிற பொடியன். சிவப்பு ஸ்டார்லட் ஒன்று வைத்திருந்தான். அந்தக் கார்தான் அவனுக்குக் கிழக்கும் மேற்கும்.

"அவக்கு இடைக்கிட மூச்சு முட்டுற. காலைக் காத்து வாங்கச் சொல்லி டொக்டர் சொல்லியிரிக்காரு" என்பான் றவூப்.

"நூத்தி அறுவதுல வாற காத்தையா சொன்னாரு?"

"நீ முன்னுக்குப் பாத்து ஓட்டு தம்பி. பின்னுக்கு இரிக்கிறவங்களுக்கும் வீட்டுல புள்ள குட்டி இரிக்கி" என்பாள் லைலா. பொடியன் சிரித்துக்கொண்டு கியரைப் போடுவான்.

கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எல்லாம் கண் விழிக்க முன்னரே கார் அவற்றைத் தாண்டிவிடும். அதற்கப்பால் இரண்டு பக்கமும் வயலும் நடுவில் நேர் கோடாய் ஓடுகிற வீதியும். களியோடைப் பாலம் வரைக்கும் ஒரு சனமும் இருக்காது. அங்கேதான் றவூப் கையைக் காட்டுவான். அஸ்பாக் மிதிப்பான். டேர்போ விசிலடித்துக்கொண்டு எழும்ப, சீட் முதுகை வந்து அறையும். லைலா கண்ணை மூடிக்கொள்வாள். அவளுடைய வலது கை, முன் சீட்டிலிருக்கும் புருசனின் வலது தோளில் மெல்ல இருக்கும். எஞ்சினுக்குள் ஒரு சின்னப் பொரிவு கேட்டாலும் அந்தக் கை தோளை அமுக்கும். அமுக்கினால், அந்த இடத்தில் றவூப் லப்டொப்பில் டேர்போவின் பலத்தைச் சொல்லும் ஒரு எண்ணைக் குறைப்பான். கை பேசாமல் கிடந்தால் கூட்டுவான்.

கிழக்கு மாகாணத்தில் டேர்போ கார் வைத்திருக்கிற பொடியன்கள் எல்லாரும் "டேர்போ றவூப்ட கைராசி" என்று சொல்லிப் புகழ்ந்த அந்தக் கைராசி, உண்மையில் பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்தது.

*

லைலா பிறந்தது மருதமுனையில், கைத்தறி வீட்டில். கூடத்தில் நாலு தறி ஓடும். தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்தே அந்தச் சத்தம்தான் அவளுக்குத் தாலாட்டு. ஏழெட்டு வயதில், குசினியில் இருந்துகொண்டே "உம்மா, மூணாவது தறியில நூல் அறுந்திட்டு" என்று கத்துவாள். போய்ப் பார்த்தால் அறுந்திருக்கும். "இந்தப் புள்ளைக்குப் பாம்புக் காது" என்று வாப்பா சிரிப்பார். அந்தக் காதால் அவளுக்கு ஒரு நாள் பெருமை வரும், அந்தப் பெருமையே பழியாய்த் திரும்பும் என்று அப்போது யார் கண்டார்கள்!

றவூப் அவளுக்கு மாப்பிள்ளையாக வந்தபோது வெறும் மெக்கானிக். எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண்ணுக்கு வீடு கொடுத்து, அந்த வீட்டுக்கு மாப்பிள்ளை வந்து குடியிருந்தான். மகள் பஸ்னா பிறந்த பிறகு சார்ஜாவுக்குப் போனான். அங்கே பணக்காரப் பிள்ளைகளின் ஜப்பான் கார்களுக்கு வேகம் ஏற்றுகிற கராஜில் வருசக் கணக்காக வேலை. திரும்பி வரும்போது மற்றவர்கள் போர்வையும் அத்தரும் கொண்டுவந்தார்கள். இவன் சூட்கேஸ் நிறைய மீட்டரும் வயரும் கொண்டுவந்தான். லைலாவின் வீட்டு முன் வளவில் தகரக் கூரை போட்டு கராஜ் திறந்தான். கார் இறக்குமதி நின்று போயிருந்த வருசங்கள் அவை. பழைய ஜப்பான் கார் வைத்திருந்தவன் அதைப் பிள்ளை மாதிரிப் பொத்தி வைத்திருந்தான். அந்தப் பிள்ளைகளெல்லாம் றவூபின் வளவுக்கு வந்தன.

அந்தத் தொழிலில் உயிர் போகிற இடம் ஒன்றுதான். டேர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கிற விசிறி. காற்றுக் கூடினால் பெற்றோலும் கூடும், வேகமும் கூடும். எல்லை தாண்டினால் பெற்றோல் தன் நேரம் வருமுன்னரே உள்ளே வெடிக்கும். அப்போது மணலில் கச்சான் கடலை வறுபடுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். 'தட்டுது' என்பார்கள். தட்டுகிற எஞ்சினைத் தொடர்ந்து மிதித்தால் பிஸ்டன் உடைந்து போகும். லப்டொப்பில் கோடுகள் தெரியும்தான். ஆனால் வயது போன கார்களின் சென்சர் எப்போது உண்மை சொல்லும், எப்போது பொய் சொல்லும் என்பது அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். அதனால்தான் காது வேண்டும்.

ஒரு நாள் லைலா பால் விடாத பிளேன்ரீ கொண்டு போனாள். றவூப் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு காரின் எஞ்சினை முறுக்கிக்கொண்டிருந்தான்.

"என்னங்க, இந்த எஞ்சினுக்குள்ள கச்சான் வறுக்கிறீங்களா?" என்று பகிடியாகக் கேட்டாள்.

அவன் திரும்பவில்லை. இடது பக்கமாகப் போய்த் தோளைத் தட்டித் திரும்பக் கேட்டாள்.

"என்ன சத்தம்?"

"பொரியிதே. இப்பயும் பொரியிது. உங்களுக்குக் கேக்கல்லியா?"

அவன் முகம் வெளுத்துப் போனது. ஹெட்போனைக் கழற்றினான், திரும்ப மாட்டினான், இன்னும் முறுக்கினான். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு, அவள் நீட்டிய கோப்பையை வாங்கி, குடிக்காமலே கீழே வைத்தான்.

வலது காது முழுதாகச் செத்துவிட்டது என்றார் டொக்டர். இடது காதில் பேச்சுக் கேட்கும். மெல்லிய, கூரான சத்தங்கள் இனிக் கேட்காது. எத்தனை வருசம் காதைப் பொத்தாமல் சைலன்சர் இல்லாத கார்களுக்குப் பக்கத்தில் நின்றவன்! காதில் மெசின் வைத்தாலும் பேச்சுத்தான் தெளியும், அந்த நரம்பு திரும்ப வராது என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து அவன் குழந்தை மாதிரி அழுதான்.

"லைலா, இது ஒனக்கும் எனக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டும் தெரிஞ்ச விசயமா இரிக்கட்டும். பஸ்னாக்கிட்டயும் சொல்லப்படாது. செவிடன்ட கையில ஆரு புள்ள கார் குடுப்பான்?"

"அழாதீங்க. எனக்குத்தான் கேக்கிதே" என்றாள் லைலா.

அந்த ஒரு வார்த்தைதான் அவளுடைய வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது.

*

உண்மையைச் சொன்னால், அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. யாரிடம் சொல்லுவாள்? சோறு ஆக்கி, உடுப்புத் துவைத்து, மகளுக்குச் சீதனம் சேர்த்துக் கழிந்த வாழ்க்கைக்குள் விடியற்காலையில் ஒரு மணி நேரம் மட்டும் அவள் வேறு ஒருத்தியாக இருந்தாள். எந்தக் கார் எந்த வேகத்தில் முனகும், எது பொய்க்குச் சிணுங்கும், எது பேசாமல் இருந்து கழுத்தறுக்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது.

அஸ்பாக்கின் ஸ்டார்லட்தான் எல்லாவற்றிலும் அடங்காதது. ஜப்பானிலிருந்து வரும்போதே அதன் டேஷ்போர்டில் ஒரு சின்ன பட்டன் இருந்தது. ஒரு பக்கம் அமுக்கினால் டேர்போ பாதிப் பலத்தில் ஊதும், மறுபக்கம் முழுப் பலத்தில் ஊதும். பாதியில் வைத்து ஓட்டிய பொடியனை இந்தக் கரையில் யாரும் கண்டதில்லை. முழுப் பலத்துக்கு மேலே இன்னும் வேண்டும் என்று அஸ்பாக் நச்சரித்தான். கிழமைக் கணக்காக றவூப் கூட்டுவதும் லைலாவின் கை தோளை அமுக்குவதுமாகப் போனது. கடைசியில் ஒரு காலை, களியோடைப் பாலத்துக்கு முன்னால், ஊசி விழுந்தாலும் கேட்கிற மாதிரி அந்த எஞ்சின் சுத்தமாக எழும்பியது. ஒரு பொரிவு இல்லை. ஒரு முனகல் இல்லை. பட்டு நூலை இழுத்த மாதிரிப் போனது.

லைலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டு, முக்காடு குலுங்க, சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து அஸ்பாக்கின் போன் அவனுடைய சீட்டின் தலைப்பக்கத்தில் மாட்டப்பட்டு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது. மீட்டர் முள் ஏறுவதைக் கூட்டாளிகளுக்குக் காட்ட அவன் எடுத்தது. ஆனால் படத்தின் ஓரத்தில், மீட்டருக்கு மேலே, பின்னுக்குப் பார்க்கிற கண்ணாடியில், பின் சீட்டில் சிரிக்கிற ஒரு பெண்ணின் முகம் விழுந்திருந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. பாட்டுப் போட்டு டிக்டொக்கில் விட்டான்.

அன்று பின்னேரமே அது பொத்துவில் வரை போய்ச் சேர்ந்தது.

'இது ஆரு? டேர்போ றவூப்ட பொஞ்சாதியா?' 'காலங்காத்தால பொடியனுகளோட எங்க போறா?' 'புருசன் பக்கத்துல இரிக்கக்குள்ளயே இந்தச் சிரிப்பெண்டா, இல்லாத நேரம் எப்படியாம்?' ஊர்வாயை மூட உலைமூடி உண்டா! யாரோ ஒரு பாவி றவூபை வெட்டிவிட்டு, அந்தச் சிரிப்பை மட்டும் திரும்பத் திரும்ப ஓட விட்டிருந்தான்.

*

பஸ்னாவுக்கு அப்போது நிந்தவூரில் ஒரு கலியாணம் பேசியிருந்தார்கள். இஹ்ஸான் என்ற பெயர், அரசாங்க உத்தியோகம், நல்ல பிள்ளை. பேசி முடித்துக் கொடுத்தவர் லைலாவின் மூத்த அண்ணன் மசூர் காக்கா. வாப்பா மௌத்தான பிறகு அந்தக் குடும்பத்துக்கு அவர்தான் வாப்பா. பள்ளிவாசல் நிருவாகத்திலும் இருந்தார்.

மசூர் காக்கா வந்தபோது கராஜில் இரண்டு கார் நின்றது. அஸ்பாக்கும் இன்னும் மூன்று பொடியன்களும் பொனட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார்கள். காக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வளவிலேயே நின்றார்.

"மாப்பிள்ளைட உம்மா ஹாஜறா போன் எடுத்தா" என்றார். "கலியாணம் வேணாமாம்."

வாசலில் நின்ற லைலா நிலையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே பஸ்னாவின் அறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"மச்சான், நான் ஒண்டு கேக்கிறன்" என்று மசூர் காக்கா றவூபுக்குக் கிட்ட வந்தார். "என்ட தங்கச்சிய எனக்குத் தெரியும். வீடியோவ நான் நம்பல்ல. ஒரு காரணம் இரிக்கும். அந்தக் காரணத்த நீ சொல்லு. நான் பள்ளிக்குள்ள எழும்பி நிண்டு சொல்லுறன். அவ என்னத்துக்கு ஒன்னோட அந்தக் கார்ல போனா?"

எத்தனை பெரிய வாசலைத் திறந்து விட்டார் அந்த மனிதர்! 'என்ட காது செத்துப் போச்சு மச்சான், அவதான் எனக்குக் காது.' இவ்வளவுதான் சொல்ல வேண்டும். மூச்சு விடுகிற நேரம்கூட ஆகாது.

லைலா புருசனின் முகத்தையே பார்த்தாள். அவன் கண் அவளிடம் வந்தது. பிறகு கராஜுக்குள் போனது. அங்கே பொடியன்கள் பொனட்டிலிருந்து தலையை எடுத்து, காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அந்த நாலு பேர் போதும், அடுத்த நாள் கிழக்கு மாகாணம் முழுக்க 'டேர்போ றவூப் செவிடனாம்' என்று சொல்ல.

றவூப் கையிலிருந்த துணியால் விரல் விரலாகத் துடைத்தான்.

"நான் வர வேணாமெண்டுதான் சொன்னன் மச்சான்" என்றான் தரையைப் பார்த்து. "அவக்குக் கார்ல ஒரு ஆச. சொன்னாக் கேக்கிறாவில்ல."

ஒரு ஸ்பானர் எங்கோ சிமெந்தில் விழுந்து உருண்டது. மசூர் காக்கா மெதுவாகத் திரும்பித் தங்கச்சியைப் பார்த்தார்.

"உண்மையா லைலா?"

லைலாவின் நெஞ்சுக்குள் ஒரு நூல் அறுந்தது. அந்தச் சத்தத்தை அவள் மட்டும்தான் கேட்டாள்.

புருசனைப் பொய்யனாக்கவா? பொய்யனாக்கினால் கராஜ் போகும், கஞ்சி போகும், அவனுடைய தலை நிமிர்வு போகும். இவ்வளவையும் ஒரே மூச்சில் நினைத்துவிட்டு, மருதமுனை நெசவுக்காரனின் மகள் தலையைக் குனிந்தாள்.

"ஓம் காக்கா. என்ட பிழைதான்."

காக்கா துப்பவில்லை, ஏசவில்லை. "இனி என்ட வாசலுக்கு வராத" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இரவு பஸ்னா சாப்பிட வரவில்லை. லைலா கோப்பையில் சோற்றைக் கொண்டு போய் வைத்தாள். மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு கேள்விதான் கேட்டாள்.

"உம்மா, நீங்க என்னத்துக்குச் சிரிச்சீங்க?"

*

அதன் பிறகு லைலா கராஜ் பக்கம் காலெடுத்து வைக்கவில்லை. றவூப் தனியே பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையில் ஓடுகிற கோடுகளை மட்டும் நம்பி வேலை செய்தான். முதலில் எல்லாக் கார்களையும் பயந்து பயந்து குறைத்து வைத்தான். 'றவூப் காக்கா செஞ்ச கார் முந்தி மாதிரி இழுக்கிதில்ல' என்று பொடியன்கள் முனகத் தொடங்கினார்கள். மட்டக்களப்பில் புதிதாகத் திறந்த ஒரு கராஜின் பெயர் அவர்கள் வாயில் அடிபட்டது. அந்தப் பெயர் இடது காதில் விழுந்த நாளிலிருந்து அவன் கூட்டத் தொடங்கினான்.

கூட்டாளி ஒருவனின் கலியாணத்துக்கு, மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிற கார் வரிசையில் முன்னுக்கு ஓட வேண்டும் என்று அஸ்பாக் வந்து நின்றான்.

"காக்கா, இன்னுங் கொஞ்சம் ஏத்தித் தாங்க. பாலமுனைப் பொடியன்ட லான்சர் எனக்குப் பின்னுக்குத்தான் வரணும்."

லைலா குசினியில் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். முன் வளவில் ஸ்டார்லட் முறுக்கப்படுகிற சத்தம் சுவர்களைத் தாண்டி வந்தது. கத்தி நின்றது. மணல் சட்டியில் கச்சான். நன்றாக, தெளிவாக, நிறையக் கச்சான்.

அவள் காக்காவின் வார்த்தையை மறந்தாள், ஊரை மறந்தாள். மீன் கையோடு முன் கதவுக்கு ஓடினாள்.

"இஞ்சருங்க! தட்டுது! நல்லாத் தட்டுது, விடாதீங்க!"

அஸ்பாக் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டினான். "அடடா, ராத்தாவுக்கும் எஞ்சின் பாசை தெரியுமா?" அவன் சிரித்ததில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் றவூபின் முகம் கறுத்தது. பொடியனுக்கு முன்னால், பெண்சாதி சொல்லி அவன் லப்டொப்பில் எண்ணைக் குறைப்பதா?

"பொம்புளைக்கு என்னத்துக்கு இந்தக் கதை? உள்ளுக்குப் போ!"

"அல்லாஹ்வுக்காகச் சொல்றன்..."

"போ எண்டு சொன்னன்!"

அவள் போனாள். கார் போன சத்தம், கல்முனைப் பக்கம் திரும்பித் தேய்ந்து மறையும் வரை, அந்தப் பொரிவு அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

களியோடைப் பாலத்துக்கு இந்தப் பக்கம்தான் எஞ்சின் வெடித்தது. உடைந்த பிஸ்டன் எஞ்சினின் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வர, கொதித்த ஒயில் முன் கண்ணாடியில் அடித்தது. வீதி தெரியாமல் ஸ்டேரிங்கை வெட்டிய அஸ்பாக், காரோடு வாய்க்காலுக்குள் போனான். வயலில் நின்றவர்கள்தான் தூக்கினார்கள். உயிர் தப்பியது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

'வேகத்துல போனா இதுதான்' என்றது ஊர். யாரும் றவூபைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

*

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் மசூர் காக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். நிருவாகத்தார் பக்கத்தில் நின்றார்கள். தொழுதுவிட்டுச் செருப்புத் தேடிக்கொண்டிருந்த சனமும் நின்றது. காது செத்தவனுக்குத் தன் குரலின் அளவு தெரியாது. அவன் கதைத்தது வீதி வரைக்கும் கேட்டது.

"என்ட காது செத்து வருசக் கணக்கு மச்சான்! கார்ட சத்தம் ஒண்டும் எனக்குக் கேக்காது. லைலாதான் கேட்டுச் சொன்னா. என்ட மானத்துக்காகத்தான் அவ பழியச் சுமந்தா. அண்டைக்கு நான் பொய் சொன்னன். வல்லாஹி, அவ சுத்தமானவ!"

சனம் ஒருவரை ஒருவர் பார்த்தது. நிருவாகத்தில் இருந்த பதியுதீன் ஹாஜியார் தாடியைத் தடவினார்.

"காது போனது சரி. அதுக்காக எஞ்சின் சத்தத்தப் பொம்புள கேட்டாவாம். இதென்ன புதினம்? மகள்ட கலியாணத்த ஒட்ட வைக்க நல்ல கதையொண்டு கட்டியிரிக்கான்."

"ஆஸ்பத்திரியில அஸ்பாக்கிட்டக் கேளுங்க! அவனுக்குத் தெரியும். அவ தட்டுதெண்டு சொன்னத அவன் காதாலயே கேட்டான்."

மசூர் காக்கா கையை இழுத்துக்கொண்டார்.

"அந்தப் பொடியனையா சாட்சிக்குக் கூப்புடுறாய்?" என்றார். "அண்டைக்கு நான் வாசல்ல வந்து கேட்டன். ஒன்ட வாயால நீ சொன்னாய், அவட வாயால அவ ஒத்துக்கொண்டா. இண்டைக்கு வேற கதை. நான் எந்த றவூப நம்புற?"

அஸ்பாக்கும் சொன்னான். கால் போன வலிக்குள்ளும், வந்தவர் போனவரிடமெல்லாம் "ராத்தா சொன்னாங்க, நாங்கதான் கேக்கல்ல" என்று அழுதான். அவன் சொல்லச் சொல்ல ஊர் இன்னும் கண்ணைச் சுருக்கியது. 'பாத்தீங்களா, அவக்காக எப்பிடிக் கதைக்கிறான் எண்டு?'

உண்மைக்கும் ஒரு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் சொல்லாமல் விட்டால் அதுவும் புளித்துப் போகிறது. றவூப் சொன்னதில் ஊர் தனக்கு வேண்டிய பாதியை எடுத்துக்கொண்டது. அவனுக்குக் காது இல்லை என்ற பாதியை நம்பியது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பொடியன்கள் ஒவ்வொருவராக வந்து, முகத்தைப் பார்க்காமல், கார்களை எடுத்துக்கொண்டு போனார்கள். லைலாதான் அவனுடைய காது என்ற பாதியை ஒருவரும் நம்பவில்லை.

*

அடுத்த வருசம் பஸ்னாவுக்கு வேறு ஒரு மாப்பிள்ளை கிடைத்தான். மசூர் காக்காதான் தேடிக் கொடுத்தார். மருமகளை அவர் கைவிடவில்லை. முதல் தாரம் மௌத்தான மனிதர், இரண்டு பிள்ளைகள், வயதும் கொஞ்சம் கூட. பஸ்னா மறுப்புச் சொல்லவில்லை. எதற்குமே அவள் இப்போது மறுப்புச் சொல்வதில்லை. இரண்டு நிபந்தனை இருந்தது. முன் வளவுக் கராஜ் இருக்கக் கூடாது. மாப்பிள்ளை வீட்டார் வரும்போது லைலா முன்னுக்கு வரக் கூடாது.

தகரக் கூரையைக் கழற்றி, அந்த இடத்தில் கலியாணப் பந்தல் போட்டார்கள். ஒயில் ஊறிக் கறுத்த சிமெந்தின் மேல் கம்பளம் விரித்தார்கள். மாப்பிள்ளை வந்திறங்கிய சத்தத்தை லைலா குசினிக்குள் நின்று கேட்டாள். எந்தக் கார், எத்தனை கார், எதன் பெல்ட் தேய்ந்திருக்கிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது. மருமகனின் முகம் மட்டும் தெரியவில்லை.

வீடு மகளுக்கு எழுதப்பட்டது. வழக்கப்படி உம்மாவும் வாப்பாவும் பின் வளவுச் சின்ன வீட்டுக்குள் போனார்கள். றவூப் இப்போது சந்தியில் ஒரு கடையில் டயருக்குக் காற்று அடிக்கிறான். பின்னேரம் வந்து, முற்றத்தில் உட்கார்ந்து, வீதியைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அவனுக்குக் காது போன நாளிலிருந்து லைலா எப்போதும் இடது பக்கம்தான் உட்காருவாள். பேசினால் அவனுக்குக் கேட்க வேண்டுமே. பாயில், பஸ்ஸில், ஆஸ்பத்திரி வாங்கில் எல்லாம் இடது பக்கம்தான். அது அவளுக்குப் பழகிப் போயிருந்தது.

பந்தல் கழற்றிய சில நாளுக்குப் பிறகு ஒரு பின்னேரம். அஸர் தொழுதுவிட்டு அவள் முற்றத்துக்கு வந்தாள். றவூப் கோப்பையில் புட்டு வைத்துத் தின்றுகொண்டிருந்தான். அவள் ஒரு கணம் நின்றாள். பிறகு சுற்றிப் போய், அவனுடைய வலது பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மெல்லிய குரலில் கதைக்கத் தொடங்கினாள்.

"அண்டைக்குக் காக்கா வந்து கேக்கக்குள்ள நீங்க என்னப் பாத்தீங்க. பாத்துட்டுத்தான் சொன்னீங்க. அது எனக்குத் தெரியும். நான் பிழையெண்டு ஒத்துக்கொள்ளக்குள்ள, இல்ல எண்டு ஒரு சொல்லு சொல்லுவீங்க எண்டு பாத்துக்கிட்டு நிண்டன். கடைசி மட்டும் பாத்துக்கிட்டு நிண்டன். என்ட காத நான் உங்களுக்குத் தந்தன். உங்கட வாய எனக்கு ஒருக்கா, ஒரே ஒருக்காத் தந்திருக்கலாம். அந்தப் பொடியன்ட காலும் இரிந்திருக்கும். என்ட புள்ள சிரிச்சிக்கிட்டு இரிந்திருப்பா. நான் உங்கள மன்னிக்கணும் எண்டு ஒவ்வொரு வக்துத் தொழுகைக்குப் பொறகும் துஆ கேக்கிறன். இன்னும் ஏலாம இரிக்கி."

வீதியில் எங்கோ ஒரு கார் முறுக்கிக்கொண்டு போனது. பொரிந்தது. அவளுடைய வலது கை தன் பாட்டில் எழும்பியது. புருசனின் தோளுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, திரும்பி வந்து மடியில் விழுந்தது.

றவூப் கடைசிப் பிடியைத் தின்றுவிட்டுத் தலையைத் திருப்பினான். அவள் அந்தப் பக்கம் இருப்பதைக் கண்டு கொஞ்சம் ஆச்சரியப்பட்டான்.

"ஏதும் சொன்னயா லைலா?"

லைலா முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். அவனுடைய இடது பக்கமாக வந்து, காதுக்குக் கிட்டக் குனிந்தாள்.

"இல்ல. இன்னுங் கொஞ்சம் புட்டு வைக்கட்டா எண்டு கேட்டன்."